ஆய்வுக்கு வரும் ஆடவரும் அறமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

 

25 ஆண்டுகளாகக் கல்வியே நம் செல்வம் என்று பாடுபட்டு வரும் இக்கழகத்தின் விழாவில், வீட்டிலும் வீதியிலும் பலர் பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளில், பெண்ணோடு உறவுகொள்ளும் ஆண்களைச் சேர்க்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய அறம் யாது என்பதே அப்பொருள்.

ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் இக்கிருமி பெரும்பாலும் ஆண் பெண் உறவின் வழியாகவே பரவியது. ஆயினும், மருத்துவமனையின் வாயிலுக்கு வந்தவள் பெண்ணே. கருவுற்றவள் சோதனைக்கு வருகிறாள். அவளுக்கு அறிவுரை கூறி அனுப்புகிறார்கள். அதே அறிவுரையைக் கேட்க வேண்டிய ஆண்மகனோ வயலிலோ சுரங்கத்திலோ இருக்கிறான். அவனை ஆய்வுக்கு வெளியே நிறுத்தினால், தடுப்புச் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் ஏறும். இது ஓர் அநீதி. ஏழை ஆணை வெறும் எண்ணிக்கைக்காக உள்ளே இழுத்துக்கொண்டால், அது மற்றோர் அநீதி.

இரண்டாவது அநீதி எத்தகையது என்பதற்கு வரலாறே சான்று. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ என்னும் இடத்தில் 1932 முதல் 1972 வரை அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறையே ஓர் ஆய்வை நடத்தியது. சிபிலிஸ் என்னும் மேகநோய் கொண்ட கறுப்பின ஆண்கள் 399 பேர். அந்நோய் இல்லாதோர் 201 பேர். அவர்களுக்கு நோயின் பெயர்கூடக் கூறப்படவில்லை. 1940களில் பென்சிலின் மருந்து வந்த பின்னரும், அது அவர்களுக்குக் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். நோய் மனைவியரையும் பிறந்த குழந்தைகளையும் பற்றியது. 1997இல்தான் அதிபர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஏன் அம்மனிதர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்கள் ஏழைகள், கேள்வி கேட்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள். இச்சொற்களின் பொருளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். சுன்னத்து எனப்படும் முன்தோல் நீக்கம் ஆண்களை எச்.ஐ.வி.யிலிருந்து காக்குமா என்று அறிய, தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்மில் 2002இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. 18 முதல் 24 வயது வரையுள்ள 3,000க்கு மேற்பட்ட இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு உடனே அறுவை. மறு பாதியினருக்குப் பின்னர். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் இடர் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்ததென 2005இல் தெரிந்தது. கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகளும் 2006 டிசம்பரில் அதனை உறுதி செய்தன. நன்மை தெளிவானவுடன் ஆய்வுகளை இடையிலேயே நிறுத்தி, காத்திருந்தோருக்கும் அறுவையை அளிக்க முன்வந்தார்கள். இது பாராட்டத்தக்க அறம்.

ஆயினும் ஒரு கேள்வி எழுந்தது. ஆரஞ்சு ஃபார்மில் இரத்தம் சோதிக்கப்பட்டது. முடிவை அறிய விரும்பியவர்களே அதனை அறிந்தார்கள். அறியாதிருக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்றனர் ஒரு சாரார். அவன் அறியாதிருந்தால் அவன் மனைவியின் உயிர் என்னாவது என்றனர் மற்றொரு சாரார். என் கருத்து இது: தன் உடலைப் பற்றிய செய்தி தனக்கே உரியது; ஆனால், மற்றோர் உயிர் அதனோடு பிணைந்திருக்கையில், வற்புறுத்தாமல், மீண்டும் மீண்டும் எடுத்துரைத்து அவனை அறியச் செய்வது ஆய்வாளரின் கடமை. கேட்டால் சொல்வோம் என்று ஒதுங்கியிருப்பது கடமை ஆகாது.

ராக்காயில் நடந்த மற்றோர் ஆய்வு இதனை மேலும் உணர்த்தும். கிருமி உள்ள ஆண்களுக்கு அவ்வறுவையைச் செய்தால் அவர்களுடைய மனைவியர் காக்கப்படுவார்களா என்று பார்த்தார்கள். முடிவு 2009இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்டோரின் துணைவியரில் 18 விழுக்காட்டினருக்கும், செய்யாதோரின் துணைவியரில் 12 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். எனினும் பாதுகாப்புக் கிட்டவில்லை என்பது தெளிவு. புண் ஆறுமுன் கூடியதே இடரைக் கூட்டியிருக்கலாம் எனக் கருதினார்கள். கத்தி பட்டது ஆணின் உடலில்; இடர் சென்றதோ பெண்ணிடம். ஆகவே ஆணின் கையொப்பம் மட்டும் போதாது. அவளும் அறிந்து இசைய வேண்டும்.

அவ்வழியில் நடந்த ஆய்வும் உண்டு. இருவருள் ஒருவருக்கு மட்டும் கிருமி உள்ள 1,763 இணையர், எச்.பி.டி.என். 052 என்னும் ஆய்வில் ஒன்பது நாடுகளில் பங்கேற்றனர். நம் சென்னையும் புனேயும் அவற்றில் அடங்கும். கிருமி உள்ளவர் முன்கூட்டியே மருந்துண்டால் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறையும் என 2011இல் தெரிந்தது. அங்கு ஆண் தனியே எண்ணப்படவில்லை, இணையராகவே மதிக்கப்பட்டனர்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வுக்கு வருபவன் ஒருநாள் கூலியை இழக்கிறான். அதனை ஈடுசெய்வது நியாயம். ஆனால், அடுப்பெரியாத வீட்டின் முன் பெருந்தொகையைக் காட்டினால் அது ஈடன்று, தூண்டில். பசித்தவன் சொல்லும் ‘சரி’யை ஒப்புதல் என்று எண்ணலாகாது. அதிகாரிக்கும் ஆண்டைக்கும் அஞ்சித் தலையசைக்குமாறு தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட மக்களின் தலையசைப்பும் ஒப்புதல் ஆகாது.

இளைஞர்களே! நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அறிந்து தரும் ஒப்புதலின்றிச் சோதனை கூடாது. கிருமி உள்ளவர்களை ஒப்புதலின்றி ஆய்வுக்கு உட்படுத்தலும் கூடாது என்கிறது அது. சட்டம் ஏட்டில் இருக்கிறது; அதனை உயிர்ப்பிப்பது கேள்வி. உங்கள் தெருவுக்கு எந்த ஆய்வு வந்தாலும் கேளுங்கள்: இதன் நோக்கம் என்ன? என் மொழியில் எழுதித் தருவீர்களா? இடையில் விலகினால் என் சிகிச்சை நிற்குமா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? என் துணைவிக்கு என்ன இடர்? வெற்றி கண்ட மருந்து எங்கள் தெருவுக்கும் வருமா?

கேள்வி கேட்பவன் ஆய்வின் பகைவன் அல்லன். இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால் அச்சமின்றி முன்வாருங்கள். நோயை வெல்ல ஆண்களும் தோள் கொடுத்தே ஆக வேண்டும். விடை கிடைக்காவிட்டால் தலைநிமிர்ந்து ‘முடியாது’ என்று சொல்லுங்கள். அவ்வாறு சொல்லும் துணிவைத் தருவதற்கே இக்கழகம் உங்களுக்கு எழுத்தறிவித்தது.