பழங்காசும் வணிக அறமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழங்காசுகளைத் தேடித் தொகுக்கும் வழக்கம் நம்மவரிடையே பரவியுள்ளது. அது நல்வழக்கமே. ஆயினும், அதனூடே ஆராய்தற்குரிய அறவினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. தன் பெட்டியிற் கிடக்கும் காசின் அருமையை உடையவன் அறியான். வாங்க வந்தவனோ நன்கறிவான். உடையவன் கேட்ட சிறுவிலையைக் கொடுத்து, அறிந்தவன் ஒன்றும் கூறாது எடுத்துச் செல்லுதல் நேர்மையாகுமோ? இதனையே இன்று உங்கள்முன் ஆராயப் புகுகின்றோம்.

காசின் அருமையை அறியாமை எவர்க்கும் இழிவன்று. ஆறாம் ஜார்ஜ் மன்னர் உருவம் பொறித்த வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். 1938-ஆம் ஆண்டு ரூபாயும் 1939-ஆம் ஆண்டு ரூபாயும் நிறையால் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11.66 கிராம். வெள்ளியின் மாற்றும் ஒன்றே. நிறுத்து வாங்குவார்க்கு இரண்டிடையே வேற்றுமை இல்லை. ஆயினும், முன்னது எளிதிற் கிடைப்பது. பின்னது மிக அரியது. ஓர் இலக்கத்தின் வேறுபாடு விலையைப் பன்மடங்கு உயர்த்துகின்றது. 1911-ஆம் ஆண்டின் ரூபாயும் இத்தகையதே. அதில் மன்னர் பூண்ட அணியிலிருந்த யானை பன்றிபோல் தோன்றுகின்றதென்று மக்கள் வெறுத்தனர். அரசாங்கம் அவ்வுருவைத் திருத்தி 1912-இல் வேறாக அடித்தது. மகள் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ பாட்டியின் பெட்டியைத் திறக்கும் குடும்பத்தார் இவற்றையெல்லாம் எங்ஙனம் அறிவர்?

இனிச் சட்டம் யாது கூறுகின்றதெனக் காண்போம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வாய்திறவாதிருத்தல் மட்டுமே வஞ்சனையாகாது என்கின்றது. பொருளின் மதிப்பைத் தவறாக எண்ணியதனால் ஒப்பந்தம் அழியாது என்றும் கூறுகின்றது. வணிகர் இருவருள் ஒருவன் விலையேற்றத்தைத் தனியே அறிந்திருப்பினும், மற்றவனுக்கு அதனை உரைக்கக் கடமைப்பட்டவனல்லன் என்பது அச்சட்டமே காட்டும் எடுத்துக்காட்டு. ஆயினும், அவ்விடத்திலேயே வேறோர் எடுத்துக்காட்டும் உளது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் அக்குறையைக் கூறாதிருக்கலாம். வாங்குபவள் அப்பொழுதே பருவம் எய்திய தன் மகளாயின், கூறியே ஆதல் வேண்டும். எனவே, நம்பி நிற்பவரிடத்து மௌனமும் வஞ்சனையாதல் உண்டு என்பதைச் சட்டமும் ஒப்புகின்றது.

சட்டம் நின்றுவிட்ட இடத்தினின்றும் அறம் மேற்செல்லுகின்றது. உரோம நாட்டுச் சிசெரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்கென எழுதிய கடமைகள் பற்றிய நூலில், இவ்வினாவையே எழுப்பினார். ஒருவன் பொன்னைப் பித்தளையென்றெண்ணி விற்கின்றான்; நல்லோன் அது பொன்னென்று உரைப்பானோ, ஆயிரம் பெறுவதை ஒன்றுக்கு வாங்கிச் செல்வானோ என்பது அவர் வினா. அந்நூலிலேயே ஸ்கீவோலா என்பாரின் செயலையும் அவர் குறித்துள்ளார். நிலமொன்றை வாங்கப் புகுந்த ஸ்கீவோலா, விற்போன் கூறிய விலை குறைவென்று கண்டு, நூறாயிரம் நாணயம் தாமே கூட்டிக் கொடுத்தார்.

நம் நாட்டிற்கும் இந்நெறி புதிதன்று. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வாணிகத்தை வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் கருதுதலே நல்வாணிகம் என்றார். பரிமேலழகர் அதனை விற்றலுக்கு மட்டுமன்றிக் கொள்ளுதலுக்கும் பொதுவாக வைத்து உரைத்தார். இஃது உற்றுநோக்கத்தக்கது. விற்போன் குறைநிறை நிறுத்தால் ஊரே அவனைப் பழிக்கின்றது. கொள்வோன் அறிந்தே குறைவிலை கொடுத்தாலோ, 'கெட்டிக்காரன்' என்று போற்றுகின்றது. தராசு ஒன்றாயிருக்க, தட்டுக்கு ஒரு நீதி உண்டோ?

அற்றேல், "யாம் பல்லாண்டு கற்று, ஊரூராய் அலைந்து, பொய்க்காசு வாங்கிப் பொருளும் இழந்தோம்; அவ்வறிவுக்குப் பயன் வேண்டாவோ?" எனின், வேண்டும் என்றே கூறுவோம். அறிவுக்குக் கூலி உண்டு; முதல் முடங்குதற்கும் இழப்பை ஏற்றலுக்கும் ஊதியம் உண்டு. சந்தை விலையையே முழுதும் கொடுத்து வாங்குக என்று எவரையும் யாம் வற்புறுத்தவில்லை. ஆனால், அவ்வூதியத்தைப் பெயர் சொல்லிப் பெறுதல் வேண்டும்: "இஃது அரிய காசு, இன்ன விலைக்கு விற்கலாம், என் உழைப்புக்கும் இலாபத்துக்கும் இவ்வளவு கழித்து இவ்வளவு தருவேன்" என்க. அறிவின் விலை வேறு. பிறர் அறியாமையிற் பெறும் கொள்ளை வேறு.

ஆளும் இடமும் நோக்கி இக்கடமை வேறுபடும். தொழில் கற்ற இருவர் கடைவீதியில் பேரம் பேசுங்கால், ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர் காண்பது திறமையே. "இதற்கு என்ன தருவீர்?" என்று குடும்பத்தார் கேட்பது பேரம்; ஆண்டும் காசு இன்னதென்று ஒருவாறு கூறுதல் நன்று. "இஃது என்ன பெறும்?" என்று அவர் கேட்பதோ அறிவுரை வேண்டல். அவ்வினா எழுந்தபின் மௌனமும் பொய்யே. குறைத்துக் கூறும் விலையோ களவே.

இவ்வறம் தனிமனிதர்க்கு மட்டும் உரியதன்று. அரசாங்கமும் காசு கொள்வோனே. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கண்டவன் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. அரசாங்கம் அப்புதையலைத் தனதாக்கிக்கொள்ளின், உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்திலொரு பங்கும் கொடுத்தாற் போதும் என்றது. அரிய செப்புக்காசுக்குச் செம்பின் விலையே அளவாயின், கண்டெடுத்தவன் ஏன் அறிவிப்பான்? உருக்குவான், அல்லது மறைவில் விற்பான். இங்கிலாந்தோ 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால், கண்டவர்க்குச் சந்தை விலையளவும் பரிசளிக்க வழிசெய்தது.

உருகிய காசோடு வரலாறும் உருகுகின்றது. 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த செப்புக்காசை, நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் உலகிற்கு அறிவித்தார். கரூர் அமராவதி ஆற்றுமணலும் சங்ககாலக் காசுகளையும் உரோமக் காசுகளையும் தந்தது. இத்தகையன நிறைக்குப் போயிருப்பின் செம்பின் விலைதான் தேறியிருக்கும். ஏமாற்றப்பட்டவன் அடுத்த காசைக் கொண்டுவாரான். கிடைத்த இடத்தையும் கூறான். ஆதலின், நேர்மையான விலை வரலாற்றிற்கும் காவலாகும்.

மற்றொரு சாரார், ஒன்றும் பெறாத காசை இலட்சம் பெறுமென்று ஆசைகாட்டி முன்பணம் பறிக்கின்றனர். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையும் அவர் பயன்படுத்தியமையால், 2021 ஆகஸ்டில் அவ்வங்கி மக்களை எச்சரித்தது. முன்னவர் அருமையை மறைக்கின்றனர். இவர் இல்லாத அருமையைப் புனைகின்றனர். இருவர்க்கும் முதல் பிறர் அறியாமையே.

அன்பர்களே! நம் இல்லங்களிற் பழங்காசு இருப்பின், புளியிட்டுத் துலக்காதீர்கள். துலக்கிய காசு மதிப்பிழக்கும். ஒருவர் சொல்லை மட்டும் நம்பாது இருவரிடம் காட்டுங்கள். நூறாண்டு கடந்த காசு சட்டப்படி தொல்பொருள். அதனை அயல்நாட்டிற்கு விடுக்கும் உரிமை தனியார்க்கு இல்லை. நீங்களே அறிந்து வாங்குவோராயின், ஓர் உரைகல்லைக் கைக்கொள்ளுங்கள்: காசின் உண்மை விலையை விற்றவர் நாளை அறிந்து உங்கள் வாயிலுக்கு வந்தால், கதவைத் திறந்து அமரச்சொல்லி முகம்நோக்கிப் பேச உங்களால் இயலுமோ? இயலுமாயின் அவ்வூதியம் உங்களுடையது. இயலாதாயின் அஃது இன்னும் அவருடையதே.