ஓட்டக் கற்கும் முன் நிறுத்தக் கற்க வேண்டும்

(பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரை)



இன்றைய பேச்சு ஒரு குட்டி வண்டியைப் பற்றியது. பேட்டரியில் ஓடுகிற வண்டி. குழந்தைகள் ஓட்டுகிற வண்டி. அதற்கு 'டர்ட் பைக்' என்று பெயர். செல்போனில் அதன் படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். "அப்பா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடு" என்கிறார்கள். வாங்கலாமா? கூடாதா? எத்தனை வயதில் ஓட்டலாம்? எங்கே ஓட்டலாம்? இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

இது என்ன வண்டி?

டர்ட் பைக் என்றால் மண் பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிள். மேடு, பள்ளம், சேறு இவற்றில் போவதற்காகச் செய்தது. முன்பு பெட்ரோலில் மட்டும் ஓடியது. இப்போது பேட்டரியில் ஓடும் சிறிய வண்டிகளும் வந்துவிட்டன.

அமெரிக்காவில் இவை பல வருடங்களாக விற்கின்றன. அங்கே 3 வயதுக் குழந்தைக்குக்கூட பேட்டரி வண்டி உண்டு. இந்தியாவுக்கும் இது வந்துவிட்டது. ஹீரோ நிறுவனம் 'விடா' என்ற பெயரில் பேட்டரி வண்டிகளை விற்கிறது. 2025ஆம் ஆண்டின் கடைசியில் அது குழந்தைகளுக்கென்றே ஒரு டர்ட் பைக்கைக் கொண்டுவந்தது. 4 வயது முதல் 10 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு என்று சொன்னது. அறிமுகமானபோது விலை ஏறக்குறைய 70 ஆயிரம் ரூபாய். எடை சுமார் 22 கிலோ. அதில் மூன்று வேகங்கள் உண்டு. மணிக்கு 8 கிலோமீட்டர், 16 கிலோமீட்டர், 25 கிலோமீட்டர். எந்த வேகம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்து வைக்கலாம்.

இந்த வண்டியில் நல்லதே இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தை செல்போனை விட்டு வெளியே வருகிறது. உடம்பைச் சமநிலையில் வைக்கப் பழகுகிறது. விழுந்து எழுந்தால் தைரியமும் வருகிறது. இதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை.

வேகம் என்றால் எவ்வளவு?

மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் சிலர் சிரிப்பார்கள். "இது ஒரு வேகமா? ஸ்கூட்டரே 50இல் போகிறதே" என்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 7 மீட்டர். ஒரு நொடி என்பது "ஐயோ" என்று சொல்லும் நேரம்தான். அந்த நேரத்தில் வண்டி 7 மீட்டர் போய்விடும். பிரேக்கைப் பிடிப்பதற்கு முன்பே அவ்வளவு தூரம் போய்விடும்.

ஆஸ்டின் டவுனில் பல தெருக்கள் குறுகலானவை. வீட்டு வாசற்படி இறங்கினால் தெரு. தண்ணீர்க் குடத்தோடு ஒரு அம்மா வெளியே வருவார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தவழ்ந்து வரும். நிறுத்தி வைத்த ஆட்டோவின் பின்னாலிருந்து ஒரு நாய் ஓடி வரும். 7 மீட்டர் தூரத்துக்குள் எத்தனை வாசல் இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். பேட்டரி வண்டிக்குச் சத்தமும் குறைவு. வருவது யாருக்கும் கேட்காது.

மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் வேறு. அது ஒரு நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகம். பெரியவர் ஒருவர் கூடவே ஓடி வண்டியைப் பிடித்துவிடலாம். 16 கிலோமீட்டர் வேகத்தில் அப்படிக் கூட ஓடுவது பலருக்குக் கடினம். இதை ஒரு அளவாக வைத்துக்கொள்ளலாம். பெரியவர் ஓடிப் பிடிக்க முடியாத வேகம் சின்னக் குழந்தைக்கு அதிக வேகம்தான்.

பயம் வந்தால் கை என்ன செய்யும்?

சைக்கிளுக்கும் இந்த வண்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சைக்கிள் ஓட்டும் குழந்தை பயந்தால் மிதிப்பதை நிறுத்திவிடும். சைக்கிள் மெதுவாகும். பேட்டரி வண்டியில் வேகம் கைப்பிடியில் இருக்கிறது. திருகினால் ஓடும். பயந்த குழந்தை என்ன செய்யும்? கையை இறுக்கிப் பிடிக்கும். உடம்பு பின்னால் சாயும்போது கைப்பிடி இன்னும் திரும்பும். அப்போது வேகம் கூடும். நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி பாயும். பேட்டரி மோட்டாருக்கு இழுவை உடனே கிடைக்கும். தயங்காமல் பாயும்.

எடையையும் பாருங்கள். 5 வயதுக் குழந்தையின் எடை சுமார் 18 கிலோ. வண்டியோ 22 கிலோ. ஓட்டுபவரைவிட வண்டி கனம். கீழே விழுந்தால் குழந்தையால் அதைத் தூக்க முடியாது. வண்டி குழந்தையின் கால்மேல் விழுந்தால் தானாக வெளியே வரவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. சின்னக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரியது, கழுத்து மெலிந்தது. எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கும் திறமை மெதுவாகத்தான் வளரும். இது குழந்தையின் குற்றம் இல்லை. வயது அப்படி.

மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களுக்குப் பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அந்தச் சங்கம் தன் கருத்தை வெளியிட்டது. காடு மேடுகளில் ஓட்டும் மோட்டார் வண்டிகள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மிகவும் ஆபத்து என்றது. கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கும் வயது வராதவர்கள் இவற்றை ஓட்டக் கூடாது என்றது. அடிபட்டு வரும் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் சொன்ன வார்த்தை இது.

பந்தயக்காரர்களின் கருத்து வேறு. சின்ன வயதிலேயே தொடங்கினால்தான் திறமை வரும் என்பார்கள். நல்ல பயிற்சி, நல்ல கவசம், மூடிய மைதானம் இருந்தால் போதும் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் பெங்களூர் மக்கள் ஒன்றை மறக்கக் கூடாது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஷ்ரேயஸ் ஹரீஷ் என்ற சிறுவன் அதில் ஓட்டினான். அவனுக்கு 13 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதற்கு முன் பல பந்தயங்களில் வென்ற திறமைசாலி. வளைவில் திரும்பும்போது கீழே விழுந்தான். தலையில் பலமான அடி. பந்தயத்தை உடனே நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் அங்கேயே இருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அவன் பிழைக்கவில்லை.

அவன் ஓட்டியது பெரிய வண்டி. வேகமும் அதிகம். குட்டி வண்டியோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அங்கே பயிற்சி இருந்தது, கவசம் இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது. அவ்வளவும் இருந்தும் ஒரு உயிர் போனது. தெருவில் இவற்றில் எது இருக்கிறது?

2021ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் 14, 15 வயதுப் பையன்கள் பந்தயங்களில் இறந்தார்கள். அதன் பிறகு உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் வயதை உயர்த்தியது. 2023 முதல் உலகச் சாலைப் பந்தயங்களில் சேர 18 வயது ஆக வேண்டும் என்றது. வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட வயதைப் பற்றி மறுபடி யோசித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 வயது. இது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். வயது வராத பிள்ளை மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் தண்டனை யாருக்கு? பெற்றோருக்கு, அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு. மூன்று வருடம் வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சும்மா சொன்னால் போதாது. அதை நிரூபிக்க வேண்டும்.

"பேட்டரி வண்டிக்குச் சட்டம் கிடையாது" என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகமும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் விலக்கு. வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்களைப் படித்துப் பாருங்கள். படிக்கக் கற்றதன் பயன் இதுதான்.

அப்பாவின் பைக்கில் சும்மா உட்கார்ந்து போகும் குழந்தைக்கும் விதி உண்டு. 4 வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பின்னால் ஏற்றிப் போனால் ஹெல்மெட் வேண்டும், குழந்தையைப் பெரியவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும். 2022இல் அரசு கொண்டுவந்த விதி இது. சும்மா உட்காருகிற குழந்தைக்கே இவ்வளவு காவல் என்றால், தானே ஓட்டுகிற குழந்தைக்கு எவ்வளவு காவல் வேண்டும்?

அப்படியானால் என்ன செய்யலாம்?

தெருவில் கூடாது. இதில் இரண்டு பேச்சு இல்லை. சந்திலும் கூடாது, மொட்டை மாடியிலும் கூடாது. மற்ற பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்திலும் கூடாது. அங்கே ஒரு பிள்ளையின் ஆசைக்காக இருபது பிள்ளைகள் ஒதுங்கி ஓட வேண்டியிருக்கும்.

மூடிய இடம் வேண்டும். மண் தரை வேண்டும். கற்றுக்கொடுப்பவர் வேண்டும். பெங்களூருக்கு வெளியே கோலார் பக்கத்தில் டர்ட் பைக் பழக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கியவர் பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ். டக்கார் என்ற கடினமான பாலைவனப் பந்தயத்தை 2015இல் முடித்த முதல் இந்தியர் அவர். அவரே 2021இல் சவுதி அரேபியாவில் அதே பந்தயத்தில் விழுந்தார். பல நாட்கள் நினைவின்றிப் படுத்திருந்தார். பிறகு தேறி வந்தார். பழகிய கைக்கும் ஆபத்து உண்டு என்பதை அதில் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போக வசதி உள்ளவர்கள் யோசிக்கலாம். அப்போதும் குறைந்த வேகம்தான். ஒரு வண்டியில் ஒரு குழந்தைதான். பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தலைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அப்பாவின் ஹெல்மெட் குழந்தைக்கு ஆகாது. அது சுற்றும், கழன்று போகும். தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட் தலையில் இல்லாததற்குச் சமம். மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, கையுறை, முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் எல்லாம் வேண்டும்.

ஒரு சோதனையும் வையுங்கள். தரையில் ஒரு கோடு போடுங்கள். கோட்டில் வந்து நிறுத்தச் சொல்லுங்கள். பத்து முறை சொன்னால் பத்து முறையும் நிறுத்த வேண்டும். ஒன்பது முறை போதாது. அந்த ஒரு முறைதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்.

வசதி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். 70 ஆயிரம் ரூபாய்க்குக் கடன் வாங்கவும் வேண்டாம். பழைய குட்டி சைக்கிள் ஒன்று போதும். சைக்கிள் கடையில் சொல்லி இரண்டு பெடல்களையும் கழற்றுங்கள். சீட்டைத் தாழ்த்துங்கள். குழந்தையின் இரண்டு பாதங்களும் தரையில் படட்டும். காலால் உந்தி உந்திப் போகட்டும். கொஞ்ச நாளில் காலைத் தூக்கிச் சமநிலையில் போகும். பிறகு பெடலை மாட்டுங்கள். டர்ட் பைக் கற்றுத் தரும் சமநிலையை இந்தச் சைக்கிளும் கற்றுத் தரும். வேகத்தின் கடிவாளம் குழந்தையின் காலிலேயே இருக்கும். இதற்கும் ஹெல்மெட் வேண்டும்.

அடிபட்டால் என்ன செய்வது?

தலையில் அடிபட்டால் குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள். ஹெல்மெட்டை அவசரமாகப் பிடுங்காதீர்கள். 108க்கு போன் செய்யுங்கள். வாந்தி, மயக்கம், வலிப்பு, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சில் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று இருக்கக் கூடாது. தலைக்காயத்துக்குப் பெயர் பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதே ஊரில், ஓசூர் ரோட்டில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வண்டி இருக்கும். உங்கள் பிள்ளை அழும். "இல்லை" என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் காரணம் சொல்லி "இல்லை" என்றால் பிள்ளைக்குப் புரியும். பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். சண்டையாகப் பேச வேண்டாம். "நம்ம தெருவுல எல்லாப் பிள்ளைங்களும் விளையாடுதே, அக்கா" என்று சொல்லுங்கள். ஒரு தெருவே சேர்ந்து முடிவு செய்தால் எந்த ஒரு பிள்ளைக்கும் குறை தெரியாது.

வீட்டுக்குப் போனதும் மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள். நம் தெருவில் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாட இடம் எங்கே இருக்கிறது? அந்த இடத்தை வண்டிகளிடமிருந்து எப்படிக் காப்பது? நம் வீட்டில் வயது வராத பிள்ளையின் கையில் ஸ்கூட்டர் சாவி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் "ஆமாம்" என்றால், இன்றைக்கே அந்தச் சாவியை வாங்கி வையுங்கள்.