பயனாளி என்னும் சொல்



பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் வாழும் தமிழர்களோ எங்கும் குடிபெயரவில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளை தமிழகத்தின் வாயிலாயிற்று. அதையடுத்த பாறசாலை கேரளத்தின் எல்லையூராயிற்று.

அக்காலத்தில் அரசாங்க உதவியை நாடுபவர் மனுதாரர் மாத்திரமே. பிறர் எழுதித் தந்த மனுவை நீட்டிவிட்டுக் காத்திருப்பதே அவர் செய்யக்கூடியதாயிருந்தது. இந்நிலை மெல்ல மாறலாயிற்று. 1994-இல் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியது. உதவிக்கு உரியவர் யாவர் என்பதைக் கிராம சபையில் கூடிய மக்களே ஆராயும் முறை ஏற்பட்டது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்திலோ பத்து முதல் இருபது பெண்கள் ஓர் அயல்கூட்டமாகச் சேர்ந்து, சிறுகச் சிறுகப் பணம் சேமித்து, தமக்குள் கடன் கொடுத்துக் கணக்கும் எழுதுகின்றனர். தலைவி, செயலாளர், சுகாதாரத்தைக் கவனிக்க ஒருவர் என்று பொறுப்புகளும் அவர்களுக்குள்ளேயே பங்கிடப்படுகின்றன. நேற்று உதவி கேட்டு நின்றவர் இன்று அண்டை வீட்டாரின் தேவையை எடுத்துரைக்கும் இடத்தில் இருக்கிறார்.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எமக்கு இங்கே ஒரு குறை தோன்றுகிறது. மலையாளத்தார் ‘குணபோக்தாவு’ என்பர். நாம் ‘பயனாளி’ என்கிறோம். இரண்டும் பெறுகிறவரையே குறிக்கின்றன. கணக்கெழுதும் கை அவற்றில் இல்லை. ‘அயல்கூட்டம்’ அப்படியன்று. மலையாளச் சொல்லாயினும், மொழிபெயர்க்கவே வேண்டாத சொல் அது!

ஆனால் பொறுப்பு வந்ததும் மொழி முன்னினும் பெரிய கேள்வியாகிறது. குறைகளை எந்த அதிகாரிக்கும் நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் மொழியில் எழுதலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் இடந்தருகிறது. இவை மனுதாரரை எண்ணி எழுதப்பட்டவை. மனு எழுதத் தமிழ் போதும். கிராம சபையில் படிக்கப்படும் பட்டியலோ, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்போ மலையாளத்தில் மட்டும் இருந்தால், அதை மறுத்துப் பேச வேண்டிய முதியவள் என் செய்வாள்? தன் பெயர் விடுபட்டதையும் அறியாமல் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்புவாள்.

பட்டியலை இரு மொழியிலும் உரக்கப் படிப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இரண்டையும் பேசும் பெண்கள் அவ்வூர்களிலேயே இருக்கிறார்கள்.