நாணும் தொடையும்



மேல்நிலை வகுப்பில் 'கற்பனை எண்' கற்பிக்கப்பட்ட நாளில் நான் எழுந்து, "ஐயா, அப்படியானால் இது பொய்யான எண்ணா?" என வினவினேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் விடை கூறாது பாடத்தைத் தொடர்ந்தார். அதன்பின் அவ்வகுப்பில் நான் வினா எழுப்பியதே இல்லை. தன்னைத் தானே பெருக்கினால் -1 தரும் அவ்வெண், மாறுமின்னோட்டக் கணக்குகளில் நாளும் பயன்படுகிறது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். ஆயினும் நான் வினவியது பிழையன்று. அச்சொல்லே என்னை வினவத் தூண்டியது.

வழக்குச் சொல் கணிதத்துள் புகும்போது ஒரு காட்சியையும் உடன் கொண்டுசெல்கிறது. வட்டத்தின் மேலுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் நேர்க்கோடு நாண்; அக்கோடு பிரிக்கும் வளைவு வில். சொல்லைக் கேட்ட அளவிலேயே வடிவம் கண்முன் நிற்கிறது.

அக்காட்சி தொலைந்தால் நேர்வது யாது? கி.பி. 499இல் ஆரியபட்டர் நாணின் பாதியை 'அர்த்தஜ்யா' என்றார். 'ஜ்யா' என்பது வில்லின் நாண். அதன் மறுவடிவமான 'ஜீவா' அரபியில் 'ஜீபா' என ஒலிபெயர்ந்தது. உயிர்க்குறியின்றி எழுதப்பட்டமையால் பின்னோர் அதனை 'ஜைப்' எனப் படித்தனர். அதற்கு ஆடையின் மடிப்பு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் அப்பொருளுடைய 'சைனஸ்' என்னும் சொல்லை இட்டனர். இன்று நம் மாணவர் 'சைன்' என்கின்றனர். அதனுள் நாணைக் காண்பதில்லை.

காட்சி துணைசெய்வது போலவே மயக்கவும் கூடும். தமிழகப் பாடநூல் 'கணம்' என்பதை இலங்கைப் பாடநூல் 'தொடை' என்கிறது. மோனையும் எதுகையும் தொடை என அறிந்த நமக்கு அது நெருங்கிய சொல். ஆனால் யாப்பின் தொடையில் எழுத்து நிற்கும் இடமே உயிர். கணிதத் தொடையிலோ வரிசைக்கு இடமில்லை. 1, 2, 3 என்றாலும் 3, 2, 1 என்றாலும் தொடை ஒன்றே.

ஒரு சொல்லின் பழம்பொருள் எதுவரை துணைவரும், எங்கே விடைபெறும் என்று உரைத்தல் ஆசிரியர் கடன். காட்சியுடைய சொல்லைத் தேர்ந்து தருவதில் கவிஞர்களாகிய உங்களுக்கும் பங்குண்டு. இனியொரு மாணவி எழுந்து சொல்லின் பொருளை வினவினால், சிரியாது விடை கூறுவோம்.