பள்ளிக்கூடத்தின் வரவு செலவும் நமது கடமையும்

(கொல்லிமலைச் செம்மேட்டில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



பல ஆண்டுகள் உபாத்தியாயராக இருந்து, இப்போது தலைமையாசிரியர் பதவியை எதிர்நோக்கி நிற்பவன் அடியேன். அப்பதவிக்கு வேண்டிய கல்வியுள் நான் கடைசியாகக் கற்கத் தொடங்கியது, பள்ளிக்கூடத்துப் பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு செலவாகிறது என்னும் கல்வியே. அதை முதலிலேயே கற்றிருக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

என் குறையை முதலில் ஒப்புக்கொள்ளுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சிறு பள்ளியில் கணக்குப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. வகுப்பறைக் கூரை ஒழுகியது. அதைப் பழுதுபார்க்க மானியமும் ஒதுக்கப்பட்டிருந்தது. சமவெளியிலிருந்து ஓடும் ஆளும் மலையேறி வர வேண்டும். எழுபது கொண்டையூசி வளைவு ஏறிவர எவரும் எளிதில் இசையவில்லை. ஒருவாறு இசைந்தவரிடம் முறையான ரசீது இல்லை. நாளை ஆகட்டும், நாளை ஆகட்டும் என்று நானும் வாளாவிருந்தேன். மார்ச்சு 31 கடந்தது. ஆண்டுக் கணக்கு முடிந்தது. செலவழியாத தொகை எங்கள் கையை விட்டுப் போயிற்று. அவ்வாண்டு மழைக்காலம் முழுதும் குழந்தைகள் அறையின் ஒரு மூலையில் ஒண்டி உட்கார்ந்தே படித்தனர். பணம் இல்லாமையால் நேர்ந்த துன்பமன்று அது; பணத்தின் வழி தெரியாமையால் நேர்ந்த துன்பம்.

நிற்க. அவ்வழி யாதெனப் பார்ப்போம். நமது மலையில் பள்ளிகள் இருவகை. ஒருவகை பள்ளிக்கல்வித் துறையைச் சார்ந்தவை. மற்றொருவகை, பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள். சட்டசபையில் முன்னதற்குரிய பணம் மானியக் கோரிக்கை எண் 43-இலும், பின்னதற்குரிய பணம் எண் 4-இலும் கேட்கப்படுகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் பெட்டி வேறு, சாவி வேறு. எண் 4-க்கு உரிய குறையை எண் 43-இன் அதிகாரியிடம் மனுச்செய்து ஓராண்டு காத்திருப்பதில் பயன் என்ன?

இவையன்றி, 2018 முதல் நடைபெறும் சமக்ர சிக்ஷா திட்டம் ஒன்றுண்டு. அதன் செலவில் மத்திய சர்க்கார் 60 பங்கும் மாநில சர்க்கார் 40 பங்கும் ஏற்கவேண்டும் என்பது விதி. பள்ளியின் தேவை ஒன்றியத்திற்கும், அங்கிருந்து நாமக்கல்லுக்கும், சென்னைக்கும், டில்லிக்கும் சென்று, அனுமதி பெற்றுத் திரும்புகிறது. இடையில் வழி அடைபட்டால் கடைக்கோடிப் பள்ளியே முதலில் வாடும். 2024-25ஆம் ஆண்டில் இரு சர்க்கார்களுக்கும் கல்விக் கொள்கை பற்றி எழுந்த பிணக்கில், தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் ரூ.2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டதை நாம் அறிவோம்.

இத்திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் கூட்டு மானியம் என ஒன்று உண்டு. மாணாக்கர் 30 வரை இருப்பின் ரூ.10,000, அதற்குமேல் 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கும் மேற்பட்டால் ரூ.1,00,000. இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்திற்குச் செலவிட வேண்டும். சிறு பழுதுகளும், உடைந்த சாமான்களைச் செப்பனிடுவதும் இதிலிருந்தே நடக்க வேண்டும்.

அன்பர்களே! இந்த அட்டவணையைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். முப்பது குழந்தைகள் உள்ள பள்ளிக்கும் முப்பத்தொரு குழந்தைகள் உள்ள பள்ளிக்கும் வேற்றுமை ரூ.15,000. பிழைப்புத் தேடிச் செல்லும் தாய் தந்தையர் தம் குழந்தையையும் உடனழைத்துச் சென்று, அதன் பெயர் பதிவிலிருந்து விடுபட்டால், அக்குழந்தை கல்வியை இழப்பதோடு, மீந்திருக்கும் முப்பது குழந்தைகளின் மானியமும் குறையக்கூடும். இதனால் இல்லாத பிள்ளையை இருப்பதாக எழுதலாம் என்று எவரும் கருதற்க, அது களவு. இருக்கும் பிள்ளையை விடாமல் பள்ளிக்கு அனுப்புவதே வழி.

இன்னொன்று. அட்டவணை தலைகளை எண்ணுகிறது, வளைவுகளை எண்ணவில்லை. காரவள்ளி அடிவாரத்தில் உள்ள பள்ளிக்கும் மலையுச்சியில் உள்ள பள்ளிக்கும் தொகை ஒன்றே. ஆனால் ஒரு மூட்டை சிமெண்டு மேலேறி வருவதற்குள் அதன் விலையோடு ஏற்றுகூலியும் சேர்ந்து விடுகிறது. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையில் பள்ளிகள் சிறியனவாகவே இருக்கும்; சிறிய பள்ளிக்குச் சிறிய தொகை; செலவோ பெரிது. சமமாய்ப் பங்கிடுவதும் நியாயமாய்ப் பங்கிடுவதும் ஒன்றல்ல. இதனை நாம் புலம்பலாகச் சொல்லாமல், ரசீதுகளைச் சேர்த்துக் கணக்காகச் சொல்லவேண்டும். கணக்கோடு வரும் மனுவைத் தள்ளிவிடுவது எளிதன்று.

அங்ஙனம் சொல்லுவதற்குச் சட்டமே நமக்கு இடமளித்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும்; பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது அக்குழுவின் வேலை. 22-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: குழு வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே சர்க்கார் தரும் மானியங்களுக்கு ஆதாரம் என்கிறது. இத்துணை அதிகாரம் படைத்த தாய்மார்கள், நீட்டிய தாளில் படித்துப் பாராமல் கையெழுத்திட்டுச் செல்வது தகுமா? நீட்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதால் வெட்கத்தோடு கேட்கிறேன்.

முற்காலத்தில், 1920ஆம் ஆண்டுச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்கள் கல்விக்கென வரி விதிக்க இடங்கொடுத்தது. அமெரிக்காவில் இன்றும் பள்ளி வட்டாரங்கள் பல, தம் எல்லையில் உள்ள வீடு நிலங்களின்மேல் வரிபெற்றுத் தம் பள்ளிகளை நடத்துகின்றன. அம்முறையில் செல்வர் வாழும் ஊருக்குச் செழித்த பள்ளியும், ஏழைகள் வாழும் ஊருக்கு இளைத்த பள்ளியும் அமைதல் உண்டு. மிளகும் மரவள்ளியும் சாமையும் விளைத்து வாழும் நாம் அதை விரும்ப இயலாது. பொதுப் பெட்டியிலிருந்து வருவதே நமக்கு நன்று. ஆனால் பெட்டி தொலைவில் இருக்கும்போது அதன் வழியை அறிவது மிக அவசியம்.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, ஒவ்வொரு பள்ளியின் வரவு செலவும் குழுக் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட வேண்டுமென நம் பெற்றோர் கேட்கட்டும். இரண்டாவது, மார்ச்சு மாதத்திற்குக் காத்திராமல், தொகை ஒதுக்கப்பட்டவுடனே பழுதுகளைப் பார்க்கச் செய்யட்டும். சாமான் ஏற்றிவரும் வண்டிக்கு ஊரார் கூடி உதவட்டும். மூன்றாவது, பட்டம் பெற்ற நம் வாலிபர் இருவர் மூவராவது கணக்கு முறைகளைக் கற்று, படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு அருகிலிருந்து விளக்கட்டும்.

நானும் ஒரு வாக்குத் தருகிறேன். தலைமையாசிரியர் நாற்காலி எனக்குக் கிட்டுமாயின், கணக்குப் புத்தகத்தைப் பூட்டி வைக்கமாட்டேன். எந்தத் தாய் கேட்டாலும் திறந்து காட்டுவேன். எழுத்தறியாதவராயின் படித்துக் காட்டுவேன். ஒழுகிய கூரையின்கீழ் ஒண்டியிருந்த குழந்தைகளுக்கு நான் பட்ட கடன் அவ்வளவில் தீராது. ஆயினும் தீர்க்கத் தொடங்குவேன்.