ஆபித் ஹசன் வந்த வழி
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





எனக்குத் தந்த தலைப்பு 'இருபதாம் நூற்றாண்டின் போர்க்கள அதிசயங்கள்'. எத்தனையோ உண்டு. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது இந்தச் சிங்கப்பூர் மண்ணுக்கு வந்து சேரும் கதை.

ஆபித் ஹசன் ஹைதராபாத்துக்காரர். பொறியியல் படிக்க ஜெர்மனி சென்றவர். அங்கே நேதாஜி சுபாஷ் சந்திர போஸைச் சந்தித்தார். படிப்பை விட்டு அவருக்குச் செயலாளரானார்.

1943 பிப்ரவரி 9 அன்று இருவரும் கீல் துறைமுகத்தில் யூ-180 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியில் ஏறினார்கள். உள்ளே நிமிர்ந்து நடக்க இடமில்லை. ரொட்டியிலும் போர்வையிலும் டீசல் வாடை. பகைக் கப்பல்கள் காவல் காக்கும் கடலில், ஆப்பிரிக்காவைச் சுற்றி இரண்டரை மாதத்துக்கும் மேலாகப் பயணம். அந்த நெரிசலிலும் நேதாஜி சொல்லச் சொல்ல ஆபித் எழுதிக்கொண்டே வந்தார்.

மடகாஸ்கர் பக்கம் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி காத்திருந்தது. கடல் கொந்தளித்தது. ஏப்ரல் 28 அன்று ஒரு ரப்பர் படகில், கயிற்றைப் பிடித்தபடி, நனைந்து நடுங்கி இருவரும் அடுத்த கப்பலுக்கு மாறினார்கள். இரு நாட்டு நீர்மூழ்கிகளுக்கு இடையே நடுக்கடலில் இப்படிப் பயணிகள் மாறியது அந்தப் போரில் வேறெங்கும் நடக்கவில்லை என்பார்கள்.

ஜப்பானிய மாலுமிகள் விருந்தினருக்காகப் பினாங்கில் மசாலா வாங்கி வைத்திருந்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு காரமான கறி! வீட்டுக்கு வந்தது போலிருந்ததாம் ஆபிதுக்கு.

ஜூலை 4 அன்று இங்கே கேத்தே அரங்கில் நேதாஜி தலைமை ஏற்றார். மறுநாள் பாடாங்கில் படை அணிவகுத்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அக்டோபர் 21 அன்று அமைந்த தற்காலிக அரசின் ஆலோசகர்களில் ஒருவர், பர்மாவில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம் தலைவர் கரீம் கனி.

அந்நாளில் செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தார்கள். "எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் வரலாம் என்றால்தான் வருவேன்" என்ற கருத்தில் அவர் உறுதியாக நின்றார். கோயிலார் இசைந்தார்கள். அவர் போனபோது கூடவே போனவர்களில் ஒருவர் ஆபித் ஹசன். பிறகு அவர் இம்பால் போர்முனைக்கும் போனார். பசியும் மலேரியாவும் தின்ற அந்தப் பின்வாங்கலில் உயிர் தப்பினார். சுதந்திர இந்தியாவின் தூதராக டென்மார்க்கில் பணியாற்றினார். 1984இல் காலமானார்.

எஸ்பிளனேடில் 1945இல் அந்தப் படை வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. அதில் பொறித்தவை மூன்று சொற்கள்: இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995இல்தான் அடையாளக் கல் நட்டார்கள்.

கடைசியாக ஒன்று. என் நன்னாவுக்குப் பினாங்கில் மளிகைக் கடை. யுத்த காலம் பற்றிக் கேட்டால், "அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நானும் மேலே கேட்கவில்லை. அந்த மாலுமிகள் எந்தக் கடையில் மசாலா வாங்கினார்களோ! இன்று கேட்க அவர் இல்லை.

கல்லைத் தகர்த்தால் மீண்டும் நடலாம். கேட்காமல் விட்ட பேச்சை மீட்க முடியாது. பிள்ளைகளே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பாட்டி, தாத்தா பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு அதுதான் முதல் கட்டுரை.