சயாமுக்குப் போனவர்களைத் தேடி நாமும் ஒருமுறை போவோம்
(கிள்ளானில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவே இல்லை." நம் வீடுகள் பலவற்றில் ஒரு மனிதனின் வரலாறு இந்த ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. திரும்பி வந்தவர்களோ பேசவே இல்லை. கள்ளுக்கடையில் உட்கார்ந்தார்கள், ராத்திரியில் கத்தினார்கள். "அவருக்கு அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிட்டோம்.

1942-43-இல் ஜப்பான்காரன் தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். மலாயாவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 75,000 பேரைக் கொண்டுபோனான். பெரும்பாலோர் பால்மரம் வெட்டிய நம் ஜனங்கள். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது இலவச சினிமா என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றினார்கள். கூட்ஸ் வண்டியில் பான்போங் வரை பயணம், அதற்கு அப்பால் காட்டு வழியில் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை.

அதே பாதையில் சுமார் 60,000 வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பிப் பிழைத்த எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியைப் பற்றிச் சொல்கிறேன். காஞ்சனாபுரியில் ஜப்பான்காரர்கள் அவரைச் சித்திரவதை செய்தார்கள். ஊர் திரும்பி நாற்பது வருடமாகியும் கெட்ட கனவும் கோபமும் அவரை விடவில்லை. லண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கான மருத்துவ அமைப்பில் சிகிச்சை பெற்றார். 1993-இல் மனைவியோடு அதே ஊருக்குப் போனார். விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக நின்ற நகாசே தகாஷியைப் பாலத்தருகே சந்தித்தார். அந்த ஜப்பானியர் மன்னிப்புக் கேட்டார். பின்னர் இருவரும் நண்பர்களானார்கள். நகாசேயும் பாவம் தீர்க்க நூறு முறைக்கு மேல் தாய்லாந்துக்குப் போனவர்தான்.

இப்படிப் போவதால் என்ன பயன்? அடிபட்டவன் மனதில் அந்த இடம் இன்னும் 1943-இலேயே நிற்கிறது. நேரில் போய் அங்கே புல் முளைத்திருப்பதையும், பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்பதையும் பார்த்தால், அது முடிந்துபோன காலம் என்று உடம்புக்கே தெரிகிறது. கூடவே, "உனக்கு நடந்தது அநியாயம்" என்று சொல்ல அங்கே ஒருவன் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதுதான் பெரிது என்பது என் கருத்து.

ஆஸ்திரேலிய அரசு 1998-இல் ஹெல்ஃபயர் பாஸில் அருங்காட்சியகம் கட்டியது. ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே அஞ்சலி நடக்கிறது. காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல் நிற்கிறது. நம்மவர் எங்கே? 1990-இல் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வந்தன. ஒருவருக்கும் பெயர் கிடையாது.

பிரிட்டன் 2000-இல் தன் போர்க்கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுன் அறிவித்தது. நமக்கு? 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் செய்த ஒப்பந்தத்தில் 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள இரண்டு கப்பல்கள் வந்தன. அதோடு கணக்கு முடிந்தது என்றார்கள். கப்பலில் நம் பாட்டி ஏறவா முடியும்?

வக்கீலாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு வருடம் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருத நம் சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு இடம் தருகிறது. லயத்தில் காத்திருந்த பெண்ணுக்கு இதை யார் சொன்னார்கள்? பொட்டை அழிப்பதா வைப்பதா என்றே தெரியாமல் கிழவியானவர்கள் உண்டு. இறப்புச் சான்றிதழ் இல்லை, திதி கொடுக்க நாளும் இல்லை. சயாமுக்குப் போனவரின் காயம் இப்படித்தான் வீட்டில் இருந்தவர்களுக்கும் வந்தது.

2024 மே 1, தொழிலாளர் தினத்தன்று, காஞ்சனாபுரியின் தாவோர்ன் வராராம் புத்தர் கோயிலில் நம்மவருக்கு நடுகல் நாட்டப்பட்டது. தமிழ்நாடு அரசும் பணம் கொடுத்தது. எண்பது வருடம் கழித்தாவது நம் கையைப் பிடித்து நிறுத்தி அழ ஓர் இடம் கிடைத்திருக்கிறது. போனவர்களில் இன்று யாரும் இருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பார்கள். ஆகவே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போக வேண்டும்.

தூரமும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் பாடாங் பெசார். அங்கிருந்து பேங்காக் போகும் தாய்லாந்து ரயில் அதே பான்போங் வழியாகத்தான் போகிறது. போகும்போது பூவும் கற்பூரமும் போதாது, பெயரைக் கொண்டு போங்கள். தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணி பெயர், போன வருடம், கூடப் போனவர்கள் யார், எது தெரிந்தாலும் சரி. பின்னால் மேசையில் தம்பிகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடப் போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாத பாட்டிகளுக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.